பெயருள்ள நாய்களும் சாதி நாய்களும்

திருப்பத்தூரிலிருந்து செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்பவர்கள், வழியெங்கும் வயல் வரப்புகளிலும் வேப்ப மரத்தடிகளிலும் சாய்ந்து கிடக்கும் பலகைக் கற்களைப் பார்த்திருக்கலாம். சில கற்களுக்கு மஞ்சள் பூசியிருப்பார்கள். சிலவற்றில் துணி துவைப்பார்கள். இவை நடுகற்கள் என்று உணர்ந்து, ஊர் ஊராகத் தேடிப் படித்து, 1970களின் தொடக்கத்தில் தமிழக அரசின் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது. நாகசாமி அவர்களின் முயற்சியில் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பு தமிழ் எழுத்து வரலாற்றுக்கும் பல்லவர் வரலாற்றுக்கும் எவ்வளவு உதவியது என்பதை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். அந்தத் தொகுதியில் நாய்க்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதை இலக்கிய வாசகர்களுள் பலர் அறியார்.

எடுத்தனூர் என்ற ஊரில் நிற்கும் கல் அது. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரையரின் வழிவந்த ஒருவரிடம் சேவகனாக இருந்த கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோனான் என்பது செய்தி. இவ்வளவோடு முடிந்திருந்தால் அது நூற்றுக்கணக்கான நடுகற்களுள் ஒன்றாகியிருக்கும். கல்வெட்டு மேலும் ஒரு செய்தி சொல்கிறது. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது. வீரனின் உருவத்தோடு அந்த நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

என்னை நிறுத்தியது அந்தப் பெயர்தான். கோவிவன் என்ற சொல்லுக்குள் பசுவைக் குறிக்கும் 'கோ' இருப்பதாகவும், மாடு காப்பவன் என்ற பொருளில் வைத்திருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. பொருள் எதுவாயினும் சரி, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாட்டுப்பட்டியில் எவரோ ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அது ஓடி வந்திருக்கிறது. பல்லவ நாட்டில் வாழ்ந்த எத்தனையோ உழவர்கள், கொல்லர்கள், பெண்கள் ஆகியோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. நாயின் பெயர் கிடைத்திருக்கிறது. அது என்ன நிறம், என்ன உயரம், எந்த இனம் என்பதைக் கல் சொல்லவில்லை. அது செய்த வேலையையும் அதன் பெயரையும் சொல்கிறது.

இது மாடுபிடிச் சண்டைகளின் நிலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆம்பூரிலேயே, நிருபதுங்க பல்லவனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், ஆநிரை கவர வந்தோரோடு போரிட்டு வீழ்ந்தவர்களுக்கு எடுத்த கற்கள் கிடைத்துள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டுச் செய்தி இது. வெட்சியும் கரந்தையும் பாடத்திட்டத்தில் மட்டும் இருக்கும் திணைகள் என்று நினைக்கும் மாணவர்களை அழைத்துச் சென்று காட்ட வேண்டிய ஊர்கள் இவை. மாடு இருந்த இடத்தில் கள்ளன் இருந்தான். கள்ளன் இருந்த இடத்தில் நாய் இருந்தது. பிற்காலத்தில் இதே பாலாற்றுப் படுகையில் தோல் தொழில் வேரூன்றியதற்கு மாடும் ஆடும் ஆவாரம்பட்டையும் ஆற்று நீரும் சேர்ந்து கிடைத்ததே காரணம். அந்தப் பொருளாதாரத்தின் முதல் காவலாளி பட்டி நாய்.

நடுகல் மரபில் விலங்குகளுக்கு இடமளிப்பது எடுத்தனூரோடு நின்றுவிடவில்லை. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில், சண்டைச் சேவல் ஒன்றுக்குக் கல் எடுத்திருக்கிறார்கள். ஆனால் இவற்றையெல்லாம் விஞ்சும் ஒரு நாயின் கதை தக்கோலத்தோடு தொடர்புடையது. தக்கோலம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்துக்கு அருகே இருக்கும் சிற்றூர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் யானைமேல் துஞ்சிய ராஜாதித்தன் நினைவுக்கு வருவான். 949ஆம் ஆண்டு வாக்கில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படை சோழப்படையை அங்கே முறியடித்தது. இளவரசன் ராஜாதித்தனைக் கொன்றவன் கிருஷ்ணனின் துணைவனான கங்க மன்னன் பூதுகன்.

அந்தப் போரில் பூதுகனிடம் சேவகனாக நின்று போரிட்டவன் மணலேரன். அவன் வீரத்தைக் கண்டு மகிழ்ந்த பூதுகன், வேண்டுவதைக் கேள் என்றான். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம், யானை கேட்கலாம். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. கிடைத்தது. பின்னர் கன்னட நாட்டில், ஒரு மலைச்சரிவில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. இன்றைய மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் ஒரு சிவன் கோயிலின் முன்னால் காளிக்குக் கல் நாட்டினார்கள். அதற்கு நிலம் விட்டார்கள். அக்கல்லுக்குப் பூசை செய்யாமல் கோயில் பூசகர் உண்டால் அவரைப் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தார்கள். மேலே நாயும் பன்றியும் மோதும் சிற்பம், சுற்றிலும் எழுத்து. அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கல்தான் தக்கோலப் போரின் காலத்தை வரலாற்றாசிரியர்கள் உறுதிசெய்ய உதவிய முதன்மையான சான்றுகளுள் ஒன்று. சோழப் பேரரசின் மிகப் பெரிய தோல்வியின் தேதியை நாம் ஒரு நாயின் நினைவுக்கல்லில் தேடி எடுத்துக்கொண்டோம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். மணலேரன் சிரித்திருக்க மாட்டான்.

இவ்வளவு பெருமையையும் நம் இலக்கியம் நாய்க்கு அளித்ததா என்றால், தயங்கித்தான் விடை சொல்ல வேண்டும். ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்று நாய்க்குச் சொற்கள் நிறையவே உள்ளன. சங்கப் பாடல்களில் வேட்டுவரோடு நாய்கள் ஓடுகின்றன. சேக்கிழார் திண்ணனின் வேட்டையைப் பாடும்போது வேட்டை நாய்களை விரிவாகவே காட்டுகிறார். நாலடியார் ஒரு பாட்டில் யானையையும் நாயையும் ஒப்பிட்டு, பழகிய பாகனையே கொல்லும் யானையைவிட, எறிந்த வேல் உடலில் இருக்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயே நட்புக்கு உவமை என்கிறது. பைரவருக்கு அது ஊர்தி. ஆனால் பக்திப் பாடல்களில் அடியவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய இடத்தில் முதலில் வந்து நிற்பதும் நாய்தான். மாணிக்கவாசகரிடம் இது எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினால் அலுத்துப்போகும். அன்றாடப் பேச்சில் அது வசைச்சொல் ஆகிவிட்டது. கல்லில் பெயரோடு நின்ற விலங்கு, சொல்லில் பெயரை இழந்து வெறும் 'நாய்' ஆனது. இருந்தும் ஒன்று கவனிக்கத்தக்கது. பழந்தமிழ்ச் சொற்கள் எவற்றிலும் நாயைப் பிறப்பால் உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிக்கும் சொல் இல்லை. வேட்டைக்குப் போவது, பட்டியைக் காப்பது, தெருவில் திரிவது என்று அது செய்யும் காரியமே அதன் அடையாளம்.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனை எதற்குப் போனாலும் (மக்கள் வாயில் அது இன்றும் மாட்டாஸ்பத்திரிதான்) அங்கே தரும் சீட்டில் உரிமையாளர் பெயருக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும்: இனம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பக், ராட்வைலர், ஹஸ்கி என்று அதை நிரப்புகிறார்கள். ஏலகிரி மலைமேல் வாரக்கடைசி வீடுகள் பெருகிய பிறகு, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வரும் நாய்களின் இனங்கள் நான் நாவல்களில்கூடப் படித்திராதவை. கவிஞர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் அவை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி கடக்கின்றன. எந்த இனம் என்று சொல்ல முடியாத நாய்க்கு அந்தக் கட்டத்தில் இரண்டே எழுத்து: என்.டி. நான்-டிஸ்கிரிப்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. விவரிக்க இயலாதது என்று பொருள். கால்நடை மருத்துவ ஆய்வேடுகளிலும் இதுவே கலைச்சொல். விவரிக்க இயலாதது எருமைப்பட்டியைக் காத்த கோவிவனின் வழித்தோன்றல் என்பதை நினைத்தால் ஒரு கணம் பேனா நிற்கும்.

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது? நாயை இனமாகப் பிரித்து, தூய்மையை அளந்து, வம்சாவளி எழுதிவைக்கும் பழக்கம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் உருவாக்கம். 1859இல் நியூகாசில் நகரில் முதல் முறையான நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. காது இப்படித் தொங்க வேண்டும், வால் இவ்வளவு வளைய வேண்டும், நிறம் இதற்கு மேல் கலக்கக் கூடாது என்று விதிகள் எழுதப்பட்டன. அதற்கு முன்பும் வேட்டை நாய், மேய்ப்பு நாய் என்ற பிரிவுகள் அங்கே இருந்தன. ஆனால் நாய் செய்யும் வேலையிலிருந்து அதன் தோற்றத்துக்கு மதிப்பு இடம் மாறியது அந்த ஐம்பது ஆண்டுகளில்தான்.

நாம் இதைத் தமிழில் எப்படி வாங்கிக்கொண்டோம் என்பது சுவாரசியமானது. கொஞ்சம் வெட்கப்பட வேண்டியதும்கூட. வம்சாவளியுள்ள நாய்க்குத் தமிழன் வைத்த பெயர் 'சாதி நாய்'. தேடிக் களைக்கவில்லை, சொல் கையிலேயே தயாராக இருந்தது. மறுபக்கத்தில் ஆங்கிலேயர், வம்சாவளி இல்லாத நாய்க்குப் பெயர் தேடியபோது அவர்களும் நம்மிடமே வந்தார்கள். 'பறையர்' என்ற சாதிப் பெயரைத் திரித்து 'பரியா' என்ற ஆங்கிலச் சொல்லை ஆக்கி, அதை நாய்க்கு ஒட்டி 'பரியா டாக்' என்றார்கள். பருந்துக்கும் ஒட்டினார்கள். 1886இல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, படைவீரர்களும் இளம் அதிகாரிகளும் அந்த நாயைச் செல்லமாக 'பை' என்று சுருக்கி அழைத்ததைக்கூடப் பதிவு செய்கிறது. அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே எடுத்து 'பறையன்' என்று அதற்குத் தலைப்பிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்து வேறு வழி சென்றார். மனிதர்கள் தங்கள் பெயருக்காக இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தப் பெயர் ஒரு விலங்கின் மீது ஏறி உலகம் சுற்றப் புறப்பட்டது. பாலஸ்தீனத்தில் தெருநாய்களை ஆராய்ந்த மென்செல் தம்பதியர் 1960இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலுக்குத் தலைப்பே 'பரியா நாய்கள்' என்பதுதான். இன்றும் உலக நாய் நூல்களில் அது ஒரு வகைப்பாட்டுச் சொல்.

தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு முரண் தெரியும். இங்கே ஆவாரம்பட்டையில் ஊறிய தோல்கள் கப்பலேறி லண்டன் சந்தையில் ஏலம்போன காலத்தில், அந்த நகரத்துத் தோல் தொழிலாளர்கள் தோலை மென்மையாக்க நாயின் மலத்தைப் பயன்படுத்திவந்தார்கள். தெருத்தெருவாக அதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைகளைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி மேஹ்யூ எழுதியிருக்கிறார். 1907இல் ஒட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த பிறகே அந்தத் தொழில் மறைந்தது. எல்லா ஊரிலும் தோலைத் தொட்டவர் தாழ்ந்தவர். எல்லா ஊரிலும் பக்கத்தில் ஒரு நாய்.

அயல்நாட்டு விலங்கைப் பெருமைக்காகக் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத் துறையில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். குதிரைக்கு இறைச்சியும் சோறும் சமைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியர்கள் இங்கே இல்லை. வணிகர்கள் அவர்களை வரவும் விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கும்! பயணிகளின் கதைகளில் மிகை இருக்கும் என்று கழித்துக்கொண்டாலும், ஏப்ரல் மாத வேலூர் வெயிலில் ஹஸ்கிக்குத் தயிர்சோறு ஊட்டும் வீடுகளைப் பார்த்தவர்கள் அவரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

ஆங்கிலேயர் தங்கள் நரி வேட்டை நாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நரி வேட்டை இங்கே குள்ளநரி வேட்டையாக மாறியது. மெட்ராஸ் ஹன்ட் என்று சென்னையில் பெயர்பெற்ற வேட்டைக் குழுவின் நாய்கள் காய்ச்சல் கண்டு, வெளிறி, மெலிந்தன. 1910இல் பேட்டன் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி அவற்றின் இரத்தத்தில் அதுவரை அறியப்படாத ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். பின்னர் அதே ஒட்டுண்ணி குள்ளநரியின் இரத்தத்திலும் இருந்தது. இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி. உண்ணி கடித்துப் பரவுவது. துரத்தியவனுக்கும் துரத்தப்பட்டவனுக்கும் ஒரே நோய். ஆனால் குள்ளநரி அதைச் சுமந்துகொண்டே ஓடியது, சீமை நாய் படுத்துவிட்டது. இந்த மண்ணின் உண்ணியோடு பல தலைமுறை பழகிய உடலுக்கும் பழகாத உடலுக்கும் உள்ள வேறுபாடு அது. இப்போதும் எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் சோர்ந்து வரும் நாயின் காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்ப்பது இந்த வகை நோய்களைத் தேடித்தான். உலக ஒட்டுண்ணி இயலுக்குச் சென்னையின் சாதி நாய்கள் அளித்த கொடை இது.

கால்நடை மருத்துவத்துக்குள் நாய் நுழைந்ததே பின்வாசல் வழியாகத்தான். 1903இல் சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் கால்நடைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அரசின் கவலை உழவு மாடும் படைக்குதிரையும். 1932இல் ராணிப்பேட்டையில் சீரம் நிலையம் நிறுவப்பட்டதும் மாட்டைக் கொல்லும் கொள்ளை நோய்களுக்காக. (கோழிகளைக் கொல்லும் ராணிகேத் நோயை ராணிப்பேட்டை நோய் என்று எங்கள் பக்கம் சொல்பவர்கள் உண்டு. அது வடக்கே இமயமலை அடிவாரத்து ராணிகேத் ஊரின் பெயர். நாங்கள் நோயைத் தந்தவர்கள் அல்லர், தடுப்பூசி தந்தவர்கள்.) வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். அந்த நீண்ட போரில் ராணிப்பேட்டைக்கும் பங்குண்டு. நாய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது நோயாளியாக அல்ல, ஆபத்தாக. 1902இல் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்ததன் தொடர்ச்சியாகவே 1907இல் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் எழுந்தது. நாயைக் குணப்படுத்தும் இடமாக மாட்டாஸ்பத்திரி மாறியது நகர நடுத்தர வர்க்கம் பெருகிய பிறகு.

அந்த வர்க்கத்தின் விருப்பங்களை விளம்பரமும் திரைப்படமும் வடிவமைத்தன. 1994இல் வந்த ஓர் இந்திப் படத்துக்குப் பிறகு வெள்ளை ஸ்பிட்ஸ் நாய் வீடுதோறும் 'பொமரேனியன்' என்ற பெயரில் உலவியது. 2003இல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனைப் பின்தொடர்ந்த பக் நாய், இந்தியாவின் எல்லாச் சிறுநகரங்களுக்கும் பின்தொடர்ந்து வந்தது. மூக்கு உள்ளடங்கிய அந்த நாய் கோடையில் மூச்சுக்குப் போராடுவதைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு அந்த விளம்பரத்தின் இனிமை தெரியாது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றை இங்கே பெருக்கலாகாத இனங்கள் என்று பட்டியலிட்டதற்குக் காரணம் இந்தத் தட்பவெப்பமே. நாய் வளர்ப்போரிடம் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எனக்கென்னவோ அந்தப் பட்டியலின் நோக்கம் நியாயமானதாகவே தெரிகிறது.

நாட்டினங்களை மீட்கும் முயற்சியும் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவை ஏற்படுத்தியது. 2005 ஜனவரி 9 அன்று வெளியான நான்கு அஞ்சல்தலைகளில் இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் இனங்களோடு ராஜபாளையமும் இடம்பெற்றது. 2017இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைப் பெயர்கள் ஒலித்ததும் குட்டிகளின் விலை ஏறியது.

இதில் மகிழ்ச்சியடையாமல் இருக்க முடியாது. என்றாலும் ஒரு நெருடல் இருக்கிறது. நாட்டு நாயை மீட்கிறோம் என்று நாம் செய்தது, 1873ஆம் ஆண்டு லண்டன் அளவுகோலை எடுத்து நான்கு நாய்களுக்கு வைத்ததுதான். ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று விதித்தோம். அந்த வெண்மையை விடாப்பிடியாகத் தேடிச் சேர்த்ததன் விலையாகச் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கின்றன. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத செவிட்டு நாயைப் பழைய பாளையக்காரர்கள் வைத்திருந்திருப்பார்களா என்று தெரிந்தவர்கள் யோசிக்கட்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் தென்மாவட்டங்களைச் சேர்ந்தவை. வடக்கே, நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய எங்கள் பக்கத்துக்கு அந்தப் பட்டியலில் ஒரு நாய்கூட இல்லை. ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் மாட்டோடு காட்டுக்குப் போய்த் திரும்பும் நாய்கள் என்.டி.யிலேயே நிற்கின்றன. ஊர் நாய்களிடம் உள்ள மரபணு வளம் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனங்களிடம் இருப்பதைவிட மிகுதி என்று மரபியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். விவரிக்க இயலாதது என்பது விவரிக்க நிறைய இருப்பதற்கும் பெயர் போலும்.

மருத்துவமனை வரிசையில் இப்போது நாய்கள் மட்டும் இல்லை. நீலமும் மஞ்சளுமான மக்கா கிளி, காக்டீல், இக்குவானா, கன்னத்தில் சிவப்புக் கோடுள்ள அமெரிக்க ஆமை என்று வருகின்றன. நமக்குக் கிளி புதிதல்ல; மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் இருப்பதுதான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1990களின் தொடக்கத்தில் நாட்டுப் பறவை வணிகத்துக்கு வந்த தடையும் பச்சைக்கிளியைக் கூண்டிலிருந்து விடுவித்தன. காலியான கூண்டுக்குள் கடல்கடந்த பறவை வந்து அமர்ந்தது. நட்சத்திர ஆமையைச் செல்வம் தரும் என்று ஒளித்து வளர்த்தால் சிறை. அமெரிக்க ஆமையைக் கடையில் வாங்கலாம். அது பெரிதானதும் கிணற்றில் விட்டுவிடுகிறார்கள், அங்கே அது நம் நீர்வாழ் உயிர்களைத் தின்கிறது. 2022இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024இன் விதிகளும் அயல்நாட்டு அரிய உயிரினங்கள் பலவற்றை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என்கின்றன. மார்க்கோ போலோ காலத்துக் குதிரைக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இது.

தெருநாய்க்கும் சட்டத்தில் பெயர் மாறிவருகிறது. 2001ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளில் தெருநாய். 2023இன் விதிகளில் சமூக விலங்கு. 2025இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளில் அதை எங்கே வைப்பது என்பதே கேள்வி. வெறிநாய்க்கடியில் குழந்தையை இழந்த வீட்டாரிடம் போய்க் கோவிவனைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை. தடுப்பூசி போடுவது அரசின் கடமை. அதற்குப் பட்டி நாய், தெருநாய், சாதி நாய் என்ற வேறுபாடு கிடையாது.

ஏலகிரி மலையூர் ஒன்றில் அப்படியொரு தடுப்பூசி முகாமுக்கு நண்பரான கால்நடை மருத்துவரோடு சென்றிருந்தேன். மாடு கட்டும் கயிற்றிலேயே நாய்களைக் கட்டி இழுத்து வந்தார்கள். பெயர் கேட்டு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மணி, கருப்பன், செவலை, ஜிம்மி, டைகர், மறுபடி மணி. போலீசு என்று ஒரு நாய். எல்லாவற்றுக்கும் எதிரே உதவியாளர் என்.டி., என்.டி. என்று எழுதிக்கொண்டே போனார். ஒரு நாய் மட்டும் ஒடுங்கிய இடுப்பும் நீண்ட காலுமாக நின்றது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'சிப்பிப்பாறை கலப்பு' என்று எழுதினார். கயிற்றைப் பிடித்திருந்த பெரியவர் அதைக் கேட்டு, "அது எந்த ஊருங்க சார்? இது இங்கியே பொறந்ததுங்க" என்றார்.